மேஜர் தொண்டையில் எலும்பு

பிரியாணிக் கடை எலும்பை வீட்டுக்கு வாங்கி வந்தவன் நான்தான். அதை நான் மறுத்ததே இல்லை. எங்கள் நாய் மேஜருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் எலும்பு வேண்டும். சிவாஜி நகரில் தெரிந்த கடையில் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். வருடக்கணக்கில் தின்றவன், தொண்ணூற்றைந்தில் அந்த ஒரு வாரம் மட்டும் வாயைத் திறந்தபடி எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தான். தண்ணீர் வைத்தால் முகத்தை உள்ளே விட்டான், விழுங்க முடியவில்லை. குரலும் கரகரத்துப் போயிருந்தது.

எலும்பு மாட்டிக்கொண்டது என்றாள் என் மனைவி பாஞ்சாலி. அவன் தலையை மடியில் வைத்து, தொண்டைக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. பல் கீறி ரத்தம் வந்தது, மஞ்சள் வைத்துக்கொண்டாள். இரண்டு நாளில் மேஜர் போய்விட்டான். அல்சூரில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில் புதைத்தோம்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக நாயைப் பிள்ளை என்று கொஞ்சும் ரகமும் இல்லை நாங்கள். நாய் நாய்தான். ஆனால் அவன் போன பிறகு வீட்டில் பேச்சே நின்றுவிட்டது. பாஞ்சாலி தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாயைத் திறந்தால் ஒன்றுதான்: “எலும்பு போட்டு சாவடிச்சிட்டே.” அழுகிறவளுக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டும், அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். எம்.ஜி. ரோட்டில் ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டும் வேலை எனக்கு. யூனிஃபார்மைத் தேய்க்க இஸ்திரி வண்டிக்காரர் தனக்கோடியிடம் போனேன். ஊருக்குப் போய் அன்றுதான் திரும்பியிருந்தார்.

“மேஜர் பூட்டானாமே ஜெயராமு. அந்தச் செவலை கடிச்சுதே, அதனாலயா?”

தெருமுனைச் செவலை நாயோடு சண்டை போட்டு மேஜர் காதைக் கிழித்துக்கொண்டு வந்தது உண்மைதான். நாய் என்றால் சண்டை போடும், அதிலென்ன என்று கேட்டேன்.

“அதுக்கு வெறி புடிச்சி மாட்டக் கடிச்சுதுப்பா. கார்ப்பரேஷன்காரங்க அடிச்சிப் போட்டாங்களே. ஒனக்குத் தெரியாதா?”

சட்டையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன். எச்சில், தொங்கிய வாய், இறங்காத தண்ணீர், அந்த வாய்க்குள் போன பாஞ்சாலியின் கை.

நேராக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இத்தனை நாள் என்ன செய்தாய் என்று டாக்டர் திட்டினார். இன்றைக்கே கூட்டி வா, தொப்புளைச் சுற்றி ஊசி போட வேண்டும் என்றார். நாய்க்கு வெறிதானா என்று இப்போது பார்க்க முடியுமா என்றேன். செத்தவுடன் தலையைக் கொண்டுவந்திருந்தால் சோதித்திருக்கலாம், மண்ணுக்குள் இவ்வளவு நாள் கிடந்ததில் ஒன்றும் தெரியாது என்றார்.

பாஞ்சாலி அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

“உம் மேல இருக்கற பழி போவணும்னு எம் புள்ளைய வெறிநாய்ங்கறியா?”

“பழி எங்கிட்டயே இருக்கட்டும். நான்தான் கொன்னேன். நீ ஊசிய மட்டும் போட்டுக்கோ.”

“எலும்புதான்னா ஊசி எதுக்கு?”

உண்மையைச் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்கிறாள். பழியை ஏற்றுக்கொண்டால் ஊசி எதற்கு என்கிறாள். இவளோடு வாதாடி நான் என்றைக்கு ஜெயித்தேன்?

“அவன் என்னைக் கடிக்கல. நானாத்தான் கைய உட்டேன். ஊசி போட்டுக்கிட்டா, வெறி புடிச்சிதான் செத்தான்னு நானே ஒத்துக்கற மாதிரி ஆவும். மாட்டேன்.”

கெஞ்சினேன், கத்தினேன். தனக்கோடியைக் கூட்டி வந்தேன், அவரையும் விரட்டிவிட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனேன்.

“இன்னா பண்றே?” என்று பின்னாலேயே வந்தாள்.

“தலைய வெட்டி எடுத்துட்டுப் போனா டெஸ்ட் பண்ணுவாங்களாம். எலும்பா வெறியான்னு தெரிஞ்சிடும்.”

டாக்டர் சொன்ன மீதியை நான் சொல்லவில்லை. மேஜரைத் தொடும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆனாலும் ஓங்கி ஒரு குத்து குத்தினேன்.

பாஞ்சாலி ஓடிவந்து அந்த மண்மேல் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை.

“அவனத் தொடாதே. ஊசி போட்டுக்கறேன், வா.”

புடவைகூட மாற்ற விடாமல் ஆட்டோவில் ஏற்றினேன். அப்பாடா என்றிருந்தது. அல்சூர் ஏரியைத் தாண்டும்போது, மேஜர் போன பிறகு முதல்தடவையாக, என் தோளில் சாய்ந்தாள்.

“எலும்புதான்யா. நீ தெரிஞ்சா போட்டே? போவுது, உடு,” என்றாள். பிறகு மணிக்கட்டைப் புடவையில் அழுத்தித் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

“இன்னா அது?”

“ரெண்டு நாளா ஒரே அரிப்பு. சுருக்கு சுருக்குன்னு குத்துது. புண்ணு ஆறினா அப்படித்தானே இருக்கும்.”

ஆறுகிற புண் அரிக்கும், அது யாருக்கும் தெரியும். எப்போதோ ஆறிப்போன கடி திரும்ப அரிக்க ஆரம்பித்தால் அதற்கப்புறம் எந்த ஊசியும் கேட்காது என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். “பேக ஹோகி,” சீக்கிரம் போங்க என்று டிரைவரைக் கன்னடத்தில் விரட்டினேன். அவள் தேய்க்காதபடி அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எலும்புதான், நான் போட்ட எலும்புதான், நான்தான் அவனைக் கொன்றேன் என்று தெரிந்த சாமியிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.