சொல்லி அனுப்புறோம்

பனி பெய்துகொண்டிருக்கிறது, பாளையங்கோட்டையில், கத்திரி வெயிலில், கல்லூரி அரங்கத்தின் உத்தரத்திலிருந்து யாரோ தெர்மாகோலைச் சுரண்டிச் சுரண்டிப் போட, அது தேவஇரக்கத்தின் கம்பளிக் கோட்டிலும் வேர்த்த கழுத்திலும் ஒட்டிக்கொண்டு நமைக்கிறது, சொறியக் கூடாது, குளிரில் நடுங்க வேண்டும், நடுங்குகிறார், எதிரே உறைந்து கிடக்கிறது ஏரி, ஏரி என்றால் நீலத் தார்ப்பாய்தான், ஆனால் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் தார்ப்பாய் மறந்துபோகும், ஐம்பதைத் தாண்டிய ஒரு அமெரிக்க அப்பன் மட்டும் கரையில் நிற்பான், நகரத்தில் பாலம் கட்டுகிற பெரிய கம்பெனிக்கு மேனேஜர் வேலை கேட்டுப் போய்வந்தவன், வேலை கிடைத்துவிட்டது என்று பெண்டாட்டியிடமும் மகளிடமும் சொல்லிவிட்டவன், சொல்லிச் சொல்லித் தானும் நம்பிவிட்டவன், கடைசியில் இந்தக் கரைக்கு வந்து, பனிக்கட்டி தாங்காது என்று தெரிந்தே காலை எடுத்து வைக்கப் போகிறவன். அந்த இடம் வரும்போதெல்லாம் தேவஇரக்கத்துக்கு நிஜமாகவே பயம் வருகிறது, நாடகத்தைத் தமிழாக்கி இயக்குகிற பேராசிரியர் சங்கரநயினார் கீழேயிருந்து கைதட்டி, அருமை சார், அந்தப் பயம் முகத்துல அப்படியே வருது என்கிறார், வராமல் என்ன செய்யும், நாளை ஞாயிற்றுக்கிழமை நாடகம், திங்கட்கிழமை சாயங்காலம் சென்னைக்கு ரயில், டி.வி. தொடரில் நடிக்கப் போகிறார் என்று ஊரே சொல்கிறது, சென்னையில் போய் இறங்கி எந்தப் பக்கம் நடப்பது என்று அவருக்குத்தான் தெரியவில்லை, அங்கே அவரை யாரும் கூப்பிடவில்லை, இதை வீட்டில் ஜெயசீலியிடம் அவர் சொல்லவில்லை.

எங்கே தொடங்கியது என்று பின்னால் போனால் துணிக்கடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது, சுடலைமுத்து முதலாளியின் கடை, பட்டுச் சேலைப் பிரிவு, பெண்கள் சாவகாசமாக உட்கார்ந்திருக்க, இவர் ஒரு உதறு உதறினால் சேலை கடைசி முழம் வரைக்கும் விரிந்து விழும், முந்தியை எடுத்துத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு தலையைக் கொஞ்சம் சாய்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார், மீசை வைத்த ஆண்பிள்ளை கல்யாணப் பெண்ணாக மாறிவிடுவார், ஒன்று எடுக்க வந்தவர்கள் இரண்டாக எடுத்துக்கொண்டு போவார்கள், நீங்க நடிக்கப் போக வேண்டிய ஆளு சார் என்று ஒரு மகராசி சொல்லிவிட்டுப் போனாள், சேலை அவளோடு போய்விட்டது, சொன்னது இவரோடு தங்கிவிட்டது. அதற்கப்புறம் எந்தக் கண்ணாடியைக் கண்டாலும் நின்றார், கல்லூரி நாடகங்களில் கூப்பிடாமலே போய் நின்று காவலாளி வேஷத்தில் ஆரம்பித்து அப்பா வேஷம் வரை வந்தார், அதோடு விட்டிருக்கலாம், விதி யாரை விட்டது, சென்னையில் ஒரு தொடருக்கு அப்பா வேஷத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று காதில் விழ, கடையில் லீவு சொல்லிவிட்டுப் போய், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏசி குளிரில் நின்று, கல்யாணமாகிப் போகும் மகளை வழியனுப்புகிற தகப்பனாக அழுது காட்டினார், நிஜமாகவே அழுதார், அவருக்கு மகள் இல்லை, பிள்ளையே இல்லை, அதனால்தானோ என்னவோ அந்த அழுகை நிற்க மாட்டேன் என்றது, மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞன் போனிலிருந்து தலையைத் தூக்கி, சூப்பர் சார், சொல்லி அனுப்புறோம் என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. படி இறங்கும்போதே ஜெயசீலி போன் செய்து என்ன சொன்னாவ என்று கேட்க, சொல்லி அனுப்புறோம்னு சொன்னாங்க என்றார், எழும்பூரில் ரயில் ஏறும்போது அது சொல்லியிருக்காங்க என்று ஆகியிருந்தது, விடிந்து திருநெல்வேலியில் இறங்கியபோது சொல்லிட்டாங்க, ஒரு பொய்யும் சொன்னதாக அவருக்கு நினைவில்லை, வார்த்தை தானாகவே ஊர்ந்து ஊர்ந்து வந்துவிட்டது, அந்த வாரமே முதலாளியிடம் போய், இனிமே நமக்கு நேரம் இருக்காது அண்ணாச்சி என்று பெரிய நடிகர் மாதிரியே சொல்லி வேலையை விட்டார், முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் இதற்காக நன்றி சொல்லி ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தார், சபையே திரும்பிப் பார்க்க, தேவஇரக்கம் கண்ணை மூடிக்கொண்டார், பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

மாதங்கள் போகின்றன, ஷூட்டிங் தள்ளிப்போகிறது, மழை, அப்புறம் டைரக்டருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார், அந்த டைரக்டரை அவர் பார்த்ததே இல்லை, ஆனாலும் அவருக்குச் சீக்கிரம் சுகமாக வேண்டும் என்று ஒரு நாள் உண்மையாகவே கவலைப்பட்டார், அப்போதுதான் அவருக்கே தன்னைப் பார்த்துப் பயம் வந்தது, இனியும் தள்ள முடியாமல் திங்கட்கிழமை என்று வாயில் வந்ததைச் சொல்ல, ஜெயசீலி சட்டைகளைத் தேய்த்துப் பெட்டியில் அடுக்கிவிட்டாள், காலர் மடங்காமல் இருக்க உள்ளே அட்டை வேறு வைத்திருந்தாள்.

இப்போது மத்தியானம், பனியெல்லாம் பெருக்கி ஓரமாகக் குவித்தாயிற்று, முதலிலிருந்து முழுசாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்கிறார் பேராசிரியர், நடிப்பவர்களின் வீட்டு ஆட்கள் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஜெயசீலியும் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அங்கேதான் இருக்கிறாள், முதல் காட்சி, பாலம் கட்டும் கம்பெனியின் அதிகாரி அப்பனைப் பேட்டி காண்கிறார், நேற்று வரைக்கும் அந்த அதிகாரிக்கு, முடிவு பின்னர் தெரிவிக்கப்படும் என்றுதான் வசனம், காகிதத் தமிழாக இருக்கிறதே என்று பேராசிரியர் இன்று காலையில்தான் அதை அடித்துவிட்டுப் பேச்சுத் தமிழில் மாற்றியிருந்தார், அதிகாரி எழுந்து கைகுலுக்கி, ரொம்ப சந்தோஷம், சொல்லி அனுப்புறோம் என்றார், அவ்வளவுதான், அரங்கம் கொல்லென்று சிரித்தது. பேராசிரியருக்கு ஒன்றும் விளங்கவில்லை, இதுல என்ன சிரிப்பு என்று எழுந்து நின்று கேட்கிறார், மகளாக நடிக்கும் ரெஜினா என்ற மாணவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, சார், இது பொண்ணு பாக்க வந்தவங்க சொல்றதுல்லா, பஜ்ஜி கேசரி எல்லாம் சாப்ட்டுட்டு, ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்பாங்க, அப்படின்னா பொண்ணு பிடிக்கலன்னு அர்த்தம், எல்லாருக்கும் தெரியும் சார் என்கிறாள், எல்லாருக்கும் தெரியும்தான், பேராசிரியர் கல்யாணமே செய்துகொள்ளாதவர், எந்த வீட்டிலும் போய் பஜ்ஜி சாப்பிட்டதில்லை. ஐயோ நாடகமே போச்சே என்று தலையில் கை வைக்கிறார், கிரேக்க நாடகத்துல மனுசன ஏமாத்த ஒரு தெய்வம் வரணும், அமெரிக்க நாடகத்துல தெய்வம் தேவையில்ல, மனுசன் தன்னைத்தானே ஏமாத்திக்கிடுவான், ஏன்னா அந்த ஊர்ல தோத்துட்டேன்னு ஒருத்தன் வாயத் திறந்து சொல்ல முடியாது, இன்னும் ஜெயிக்கலன்னுதான் சொல்லலாம், அதனால அங்க பாக்குறவன் ரெண்டு அங்கம் வரைக்கும் இவனுக்கு வேலை வந்துரும்னு நம்பி உக்காந்திருப்பான், நம்ம ஆளு முதல் காட்சியிலயே சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவானே.

தேவஇரக்கத்துக்கு இதெல்லாம் பாதிதான் காதில் விழுகிறது, எத்தனையோ வீடுகளில் கேட்ட வார்த்தை, ஆனால் அவருக்கு அதில் அனுப்புறோம் என்பது மட்டும்தான் எப்போதும் கேட்டிருக்கிறது, இத்தனை பேருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது, கன்னம் சுடுகிறது, நாற்காலிகள் பக்கம் பார்க்கிறார், எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், ஜெயசீலி சிரிக்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்தப் பார்வையில் கோபம் இல்லை, காய்ச்சல்காரனைப் பார்க்கிற பார்வை, இவளுக்கும் எல்லாம் தெரியும் என்று அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. மாத்தாதீங்க சார் என்று அவர் குரல் தானாக வெளியே வருகிறது, அப்படியே இருக்கட்டும், பாக்குறவங்க எல்லாருக்கும் தெரியணும், அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது, மொதல்ல சிரிச்சுட்டாங்கன்னா பொறவு தானா அழுவாங்க. பேராசிரியர் வசனத்தை மாற்றாமல் விட்டார்.

வெயில் இறங்கிய பிறகு இருவரும் நடந்து போகிறார்கள், நூற்றாண்டு மண்டபம் தாண்டி, காலி டிபன் கேரியர் அவள் கையில், பேசாமல் போனால் வீடு வந்துவிடும், வீடு வந்தால் பெட்டி இருக்கும், அவர் நின்றுவிட்டார். சென்னையில எனக்கு ஒண்ணும் இல்ல ஜெயசீலி, அவங்க என்னைக் கூப்பிடவே இல்ல. தெரியும் என்றாள் அவள். எப்ப தெரியும்? படி இறங்கிக்கிட்டே போன்ல சொன்னியள்லா, அன்னைக்கே. பின்ன ஏன் ஒரு வார்த்த கேக்கல என்றார் அவர், வேலைய விடும்போது கூட நீ ஒண்ணும் சொல்லலயே, கோயில்ல ஜெபம் பண்ணச் சொன்னதும் நீதான, சட்டையெல்லாம் தேச்சு வச்சியே. அவள் டிபன் கேரியரைக் கை மாற்றிக்கொண்டாள், என்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஒங்க அம்மா வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே எங்கப்பாகிட்ட என்ன சொன்னாவ தெரியுமா, சொல்லி அனுப்புதோம்னாவ, எனக்கு அது புதுசு இல்ல, அதுக்கு முன்னால வந்தவங்க அத்தன பேரும் அதத்தான் சொல்லிட்டுப் போனாவ, எங்கம்மா அடுக்களையில போயி அழுதா, நான் சேலைய மாத்திட்டுப் பாத்திரம் வெளக்கப் போயிட்டேன், மறுநா விடிஞ்சதும் வாசல்ல சைக்கிள் பெல்லு, பாத்தா நீங்க நிக்கிய, வேர்க்க விறுவிறுக்க, தேதி எப்ப மாமா வச்சுக்கிடலாம்னு எங்கப்பாகிட்ட கேக்கிய.

அது வந்து, அம்மா சம்மதம் சொல்லிட்டாங்கன்னுல்லா நெனச்சேன் என்கிறார் இவர், சொல்லும்போதே ஒரு பழைய காலைநேரம் அவருக்குள் புரண்டு எழுகிறது, மாமனார் முகத்தில் அன்றைக்கு இருந்த திகைப்பு, கையில் கொடுத்த மோர், திரும்பி வந்ததும் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டது, எல்லாவற்றையும் கல்யாணச் சந்தோஷம் என்றே அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார், இத்தனை வருஷமும். ஆமா, ஒங்களுக்கு அன்னைக்கும் அர்த்தம் தெரியல, அந்த முகத்தப் பாத்து இல்லன்னு சொல்ல எங்கப்பாவுக்கும் நாக்கு வரல, ஒங்க அம்மா கல்யாணத்துக்கப்புறம் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேச எத்தன நாளாச்சு, ஞாபகம் இருக்கா, இருக்காது, ஒங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. அவள் குரல் உடைந்தது, எல்லாருக்கும் அந்த வார்த்தைக்கு இல்லன்னுதான் அர்த்தம், எனக்கு மட்டும் ஒரு தடவ ஆமான்னு வந்துச்சுல்லா, அதான் இன்னொரு தடவையும் வந்தாலும் வரும்னு நானும் இருந்துட்டேன், பைத்தியக்காரி. நடுத்தெருவில் அவர் அழுதார், ஆட்டோக்காரன் ஒருத்தன் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான், வெட்கமாக இல்லை, எத்தனையோ மாதங்களாகக் கழுத்தில் கிடந்த கம்பளிக் கோட்டைக் கழற்றினாற்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது, அதிகாரி அந்த வார்த்தையைச் சொன்னதும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது, அடுத்த காட்சியில் அப்பன் வீட்டுக்கு வந்து மகளைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டு, வேலை கிடைச்சிருச்சு என்று கத்தியபோது ஒரு ஆள் கூடச் சிரிக்கவில்லை, ஒரு பெண் மட்டும் ஐயோ என்றாள், அது எல்லோருக்கும் கேட்டது. ஏரிக்கரைக்கு வந்து நின்றபோது தேவஇரக்கத்துக்குப் பயம் வரவில்லை, அதனால் அதை அவர் முதல் தடவையாக நடிக்க வேண்டியிருந்தது, நடித்தார், நன்றாகவே நடித்தார், விளக்கு அணைந்து கைதட்டல் எழுந்தபோது முன்வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது யார் என்று இருட்டிலும் அவருக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை, கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், படியேறுகிறார், கல்லாவில் சுடலைமுத்து முதலாளி நிமிர்ந்து பார்த்து, வாரும் ஓய், டி.வி.ல என்னைக்கு வாரீரு என்கிறார், கேலியா உண்மையா என்று முகத்தில் தெரியவில்லை, வரமாட்டேன் அண்ணாச்சி, அவங்க என்னைக் கூப்பிடல, நாந்தான் கூப்பிட்டாங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், திரும்ப வேலைக்கு வரலாமான்னு கேக்க வந்தேன், இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார், வசனம் மறந்துபோகாமல். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், ஒம்ம எடத்துல வேற ஆளப் போட்டாச்சே ஓய், திடுதிப்புன்னு விட்டுட்டுப் போயிட்டு இப்ப வந்து நின்னா, சரி பாப்பம், யோசிச்சுச் சொல்லி அனுப்புதேன்.

கவுண்டரில் நின்ற பழைய சிநேகிதர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், அர்த்தம் அவர்களுக்கும் தெரியும், இப்போது தேவஇரக்கத்துக்கும் தெரியும், நன்றாகத் தெரியும், படி இறங்க வேண்டியதுதான் முறை. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், புது ஆள் இன்னும் வந்திராத பட்டுப் பிரிவின் மேடையில் ஏறினார், நேற்றைய கல்யாணக் கூட்டம் கலைத்துப் போட்ட சேலைகள் அங்கே குவிந்து கிடந்தன, சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் சேலையை இழுத்து முந்தியும் கரையும் சேர்த்து மடிக்க ஆரம்பித்தார். என்ன ஓய் பண்ணுதீரு என்று முதலாளியின் குரல் உயர்ந்தது, நீங்க சொல்லி அனுப்புங்க அண்ணாச்சி, அதுக்குள்ள இதை மடிச்சு வச்சிருதேன் என்றார் இவர், இரண்டாவது சேலை, மூன்றாவது சேலை, அதற்குள் யாரோ மூன்று பெண்கள் படியேறி வந்து, முகூர்த்தப் பட்டு பாக்கணும் என்று நேராக அவர் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், அவர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி அவரைப் பார்த்தார், பார்த்துவிட்டுக் கடைப்பையன்கள் பக்கமாகத் திரும்பி, யாருல அங்க, டீக்குச் சொல்லி அனுப்பு, இன்னைக்கு ஒண்ணு கூடுதலா என்றார்.