கைவியளத்துக்கு ஒரு ஜெர்மன் தாள்

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் எழுதுவினைஞராக இருந்த தில்லைநாதனுக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, கோயில் நிர்வாகத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கமும் இல்லை. இப்படி ஒரு மனுசனுக்கு எங்கேயாவது ஓரிடத்தில் பைத்தியம் பிடிக்கத்தானே வேண்டும்! அவருக்கு அது ஜெர்மன்காரரின் பழைய காசுத்தாளில் பிடித்தது.

தொழிற்சாலைக்கு இயந்திரம் பூட்ட வந்த ஒரு ஜெர்மன்காரர் திரும்பிப் போகும்போது முதல் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாம் உலக யுத்தக் காலத்துத் தாள் அது. கிழக்கு ஆபிரிக்காவில் அப்போது ஜெர்மன்காரர் பிடித்து வைத்திருந்த நாடு ஒன்று இருந்தது. இங்கிலீசுக்காரரின் கப்பல்கள் கடலை மறித்ததும் அங்கே புதுக் காசு வந்து சேரவில்லை. சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்கவேண்டும், சந்தையில் சாமான் வாங்கவேண்டும். ஆகவே கிடைத்த கடதாசியில், பொதி சுற்றுகிற கடதாசியில்கூட, அங்கேயே காசு அடித்தார்கள். அடித்த தாளில் ஆட்கள் இருந்து பேனாவால் கையெழுத்து வைத்தார்கள். அங்கேயும் காசுக்குப் பெயர் ரூபாய்தான். யுத்தத்தில் தோற்றதோடு அதன் மதிப்பும் போயிற்று.

இந்தக் கதையைத் தில்லைநாதன் வீட்டுக்கு வருகிற ஒருவரையும் விடாமல் சொல்வார். கல்யாணம் பேச வந்தவர்களும் கேட்டார்கள், மாடு பிடிக்க வந்தவனும் கேட்டான். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதி, பழைய இலங்கைத் தாள்களைக் கொடுத்து மாற்றி மாற்றி, ஒரு தடித்த அல்பம் நிறையச் சேர்த்துவிட்டார். ஒரே மாதிரியான தாள்கள்தான். கையெழுத்து வேறு, கடதாசி வேறு என்று அவர் மட்டும் வித்தியாசம் கண்டு பூரித்துப் போவார்.

எண்பத்தாறாம் ஆண்டு சித்திரை வருஷப் பிறப்புக்கு அவருடைய ஒரே மகன் நகுலேஸ்வரன், வீட்டில் நகுலன், கொழும்பிலிருந்து வந்திருந்தான். அங்கே ஒரு கணக்காய்வுக் கம்பனியில் பயிற்சிக்கு நிற்கிறவன். நல்ல நேரம் பார்த்து வீட்டுக்குப் பெரியவர் வெற்றிலையில் நெல்லும் காசும் வைத்துக் கொடுப்பதுதான் கைவியளம். அந்தக் காசு மடிப்புக் குலையாத புதுத் தாளாக இருக்கவேண்டும், வாங்கினவர் அதைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். அந்த வருஷம் தில்லைநாதனுக்கு என்ன தோன்றியதோ, தன் அல்பத்திலிருந்து ஒரு ஜெர்மன் தாளை உருவி வெற்றிலையில் வைத்து மகனிடம் நீட்டினார்.

"உலகத்திலை ஒரு தேப்பனும் இப்பிடிக் கைவியளம் குடுத்திருக்கமாட்டான்," என்றார்.

மனைவி பத்மாசினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வருஷம் பிறக்கேக்கை பிள்ளையின்ரை கையிலை செல்லாக் காசைக் குடுக்கிறியளே, உங்களுக்கு விசரே?"

நகுலன் சிரித்துவிட்டுத் தாளைப் பேர்சுக்குள் வைத்தான். தகப்பனுடைய பெருமையில் மண் போட அவனுக்கு மனம் வரவில்லை.

கொழும்புக்குத் திரும்பும் வழியில் ஆனையிறவு முகாமில் இராணுவம் மினிபஸ்ஸை மறித்தது. எல்லோரையும் இறக்கி, பேர்சுகளைக் கொட்டிப் பார்த்தார்கள். இயக்கப் பெடியள் தனிநாட்டுக்குச் சொந்தமாகக் காசு அடிக்கிறார்கள் என்று ஒரு கதை அப்போது அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஓர் இளந்தாரியின் பேர்சுக்குள் மங்கின கடதாசியில், பேனாவால் கையெழுத்து வைத்த ரூபாய் அகப்பட்டால் சும்மா விடுவார்களா? மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. நகுலன் முகாமுக்குள் போனான்.

அடுத்த நாள் அதே பஸ் திரும்பி வந்தபோது சாரதி வீட்டு வாசலில் இறங்கி விஷயத்தைச் சொன்னான். பத்மாசினி தலையிலும் வாயிலும் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து போய் அல்பத்தைத் தூக்கினாள்.

"வீட்டைச் சோதிக்க வந்தாங்களெண்டால் எல்லாரும் முடிஞ்சம். அடுப்புக்கை போடப்போறன்."

"விசர்க்கதை கதையாதையும். இதைக் காட்டினால்தானே பழைய காசெண்டு நம்புவாங்கள்," என்று தில்லைநாதன் பறித்துக்கொண்டார்.

அது நியாயமான பேச்சுத்தான். ஆனால் அல்பத்தை நெஞ்சோடு அணைத்தபோது, மகனுக்காகவா பறித்தோம், தாள்களுக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை. முகாமுக்குப் புறப்பட்டவருக்குப் பின்னால் வாசல் படலைவரைக்கும் வந்த பத்மாசினி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "முதல்லை பிள்ளையைத் தரச்சொல்லிக் கேளுங்கோ. பிறகு உந்தக் கதையைக் கதையுங்கோ."

முகாமில் இருந்த கப்டன் இளவயதுக்காரன், மரியாதையாகவே பேசினான். நகுலனைக் கொண்டுவந்து வெறுந்தரையில் இருத்தினார்கள். அவனுடைய ஒரு பக்கக் கன்னம் வீங்கி, காதடியில் இரத்தம் காய்ந்திருந்தது. தில்லைநாதன் வாய் திறக்கும் முன்னமே கப்டன் மேசையில் கிடந்த தாளைக் காட்டி, "இது என்ன?" என்று இங்கிலீசில் கேட்டான்.

கேட்டானே ஒரு கேள்வி! தில்லைநாதன் தொடங்கிவிட்டார். கப்பல்கள் மறித்தது, பொதிக் கடதாசி, கையெழுத்து வித்தியாசம் எல்லாம் வந்தது. பயத்தில் நடுங்கிய குரல் போகப்போகத் தெளிந்தது. அல்பத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இடையில் ஒருதரம் சிரிக்கவும் செய்தார். நகுலன் தரையில் இருந்து தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கப்டன் பொறுமையாகக் கேட்டு முடித்தான். "பழைய ஜெர்மன் காசுதான், எனக்கும் வாசிக்கத் தெரியும். ஆனால் ஒரே தாள் இத்தனை எதற்கு? இதைப் பார்த்து யாரோ புதுக் காசு அடிக்கப் பழகுகிறார்கள் என்று ஏன் நான் நினைக்கக்கூடாது?"

"ஐயோ சேர், இது வெறும் பொழுதுபோக்கு. ஒரு பெறுமதியும் இல்லாத கடதாசி!"

"பெறுமதி இல்லையா? அப்படியென்றால் எரியுங்கள்."

ஒரு சிப்பாய் தகர வாளியையும் நெருப்புப்பெட்டியையும் கொண்டுவந்து வைத்தான். தில்லைநாதன் மகனைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பிறகு குந்தியிருந்து முதல் தாளைக் கொளுத்தினார். பழங்கடதாசி, உடனே பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். கண்ணால் தண்ணீர் ஓடியது. புகை என்று சொல்லலாம்தான், ஆனால் அது புகையால் வந்ததில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு தாள் தனியாக இருந்தது. யுத்தம் முடியப்போகிற காலத்தில் அச்சு இயந்திரமும் கைவிட்டுப்போக, சிறுபிள்ளைகள் விளையாடுகிற றப்பர் எழுத்துகளால் குத்திய தாள். அதற்காகப் பத்மாசினியின் தகப்பன் விட்டுப்போன பழைய இலங்கைத் தாள்கள் எல்லாவற்றையும் கொடுத்திருந்தார். அதை எடுத்தார். நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோனார். கை போகவில்லை.

"சேர்," என்றார். "இந்த ஒன்றை மட்டும் தருவீங்களா?"

கப்டன் நகுலனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தில்லைநாதனை நெடுநேரம் பார்த்தான்.

"மகனைக் கேட்பீர்கள் என்று நினைத்தேன்," என்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை, ஒருவிதமான அருவருப்புத்தான் இருந்தது. "காசு அடிக்கிறவன் இப்படிக் கேட்கமாட்டான். இரண்டையும் கொண்டு போங்கள்."

பஸ்ஸில் வரும்போது தில்லைநாதன் மகனுடைய தோளில் கை வைத்தார். அவன் தட்டிவிடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பளை கழிந்து கொடிகாமமும் கழிந்தது. "தம்பி, நான் உனக்காகத்தானே வந்தனான்," என்று சொல்லிப் பார்த்தார். அவன் வெளியே உப்புத்தரையும் பனையும் மாறிமாறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்மாசினி றோட்டுக்கே ஓடி வந்து மகனைக் கட்டிப்பிடித்தாள். வீங்கிய கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். எந்தத் தெய்வம் கண்ணைத் திறந்ததோ என்றாள். அழுகை கொஞ்சம் அடங்கின பிறகு, "என்னெண்டு மோனை உன்னை விட்டவங்கள்?" என்று கேட்டாள்.

"அப்பா ஒரு காசுத்தாளைத் தரச்சொல்லிக் கேட்டவர், அம்மா," என்றான் நகுலன். "அதோடை சேர்த்து என்னையும் தந்து விட்டாங்கள்."