புழுவுக்கு வந்த நோய்

வாளை மீனின் குடலில் புழு இருக்கும். அந்தப் புழுவின் உடம்புக்குள்ளும் ஒரு நுண்ணுயிர் குடியிருந்து அதைத் தின்கிறது என்று என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். அந்த அத்தியாயத்தை நீக்கினால்தான் கையெழுத்து என்றார் பேராசிரியர் ஜெயராமன். கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் கல்லூரியில் என் தற்காலிக வேலையும் 1971 ஜூனோடு சரி.

"ஆவடி மார்க்கெட் மீன், பார்வதம். கடலை விட்டு எவ்வளவு நேரம் ஆச்சோ! செத்த புழு அழுகினா துகள் துகளாத்தான் தெரியும். அழுகலுக்குப் போய் நீ பேர் வைக்கிறே."

அதில் நியாயம் இருந்தது. காசிமேட்டில் இறங்கும் மீன் கூடையில் ரயிலேறித்தான் ஆவடிக்கு வர வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் விற்கும் கன்னியம்மாவிடம்தான் நான் குடல் வாங்குவது வழக்கம். அவரிடமே போய், என்னையும் காசிமேட்டுக்குக் கூட்டிப் போகும்படி கேட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"புழு உயிரோட வேணும்."

"மெதுவா பேசும்மா! என் மீன்ல புழு கீதுன்னு ஊரே கேட்டுகினு கீது."

"எல்லா மீன்லயும்தான் இருக்கு. இந்தப் புழுவுக்குள்ளயே வேற ஒண்ணு இருக்கு, கன்னியம்மா. அது இதைத் தின்னுது."

"புழுவுக்கே சீக்கா?" கூடையைத் தட்டிச் சிரித்தார். "ஆஸ்பத்திரி கட்டப் போறியா? நாளைக்கு மொத வண்டிக்கு வா. நல்ல பொடவ கட்டிகினு வராதே."

மறுநாள் காசிமேட்டில், படகிலிருந்து இறங்கிய வாளையை மணலிலேயே கீறினேன். சுற்றி நின்று கேலி பேசியவர்களைக் கன்னியம்மா விரட்டினார். "டீச்சரம்மா படிச்சிகினு கீறாங்க, நவுருங்கடா!"

புழுக்களைக் கடல்நீர்க் குப்பியில் போட்டுக்கொண்டு நேரே கல்லூரிக்குப் போனேன். நுண்ணோக்கியின் கீழ் புழு நெளிந்தது. நெளிகிற அந்தச் சதைக்குள்ளேயே ஆய்வேட்டில் நான் வரைந்திருந்த அதே நீள்வட்டத் துகள்கள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். அழுகலுக்கு இந்த ஒழுங்கு வராது.

பேராசிரியரை அழைத்தேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"உயிரோடதான் இருக்கு," என்றார். பிறகு தன் மேசைக்குப் போய் நாற்காலியில் சாய்ந்தார். "இருந்துட்டுப் போகட்டும். நம்ம பக்கத்துல இதை யாரும் எழுதினதில்லை. தேர்வாளர் கேட்டா நான்தானே பதில் சொல்லணும்? மத்த அத்தியாயமே உனக்குப் போதும். குறுக்கே கோடு போட்டுடு."

மேசையில் இருந்த என் ஆய்வேட்டை நான்காம் அத்தியாயத்தில் விரித்து, பேனாவை என் பக்கம் நகர்த்தினார். அதை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

"நான் போட மாட்டேன் சார். பார்த்ததைப் பார்க்கலைன்னு சொல்ல எனக்கு வராது. இப்போ நீங்களும் பார்த்துட்டீங்க. வேணும்னா நீங்களே அடிங்க. அடிச்சவங்க ஓரத்துல கையெழுத்து போடணும்னு நம்ம ஆபீஸ் விதி. அதையும் போட்டுடுங்க."

"வேலை போயிடும், பார்வதம்."

"தெரியும் சார்."

பேனாவைத் திறந்தார். பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை மறுபடி மூடினார்.

"திங்கட்கிழமை வா. நல்லா யோசிச்சுட்டு வா."

"வரேன் சார். நாலாம் அத்தியாயத்தோடதான் வருவேன்."

காகிதக் கட்டை எடுத்துக்கொண்டேன். புழுக்கள் நெளிந்துகொண்டிருந்த குப்பியை மட்டும் அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.