தாய் சிவந்த காலை

"எங்க கிளம்பிட்ட?"

மாமியாரின் குரலில் கோபம் இல்லை. அதுதான் மருமகளுக்குச் சிக்கல். கோபமாகக் கேட்டால் பதில் சொல்லிவிடலாம். பாசமாகக் கேட்டால் என்ன செய்வது?

"ஆத்துக்குத்தான் அத்தை. எல்லாரும் போறோம்னு மாமா சொன்னாரே."

மாமியார் அவளுடைய பச்சைப் புடவையை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். "எல்லாரும்னா... நீதான் புரிஞ்சுக்கணும்மா. உன்னை என் வயித்துல பொறந்தவளாட்டம்தான் வெச்சிருக்கேன். ஆனா சுமங்கலிங்க விளக்கேத்துற இடம். நீ முன்னால வந்து நின்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. அப்புறம் உனக்குத்தானே மனசு கஷ்டம்?"

பட்டு வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த மாமனாரும் கூடத்திலிருந்து ஒரு வாய் பாசம் ஊட்டினார். "பட்டறையையும் ஒரு ஆள் பாத்துக்கணும்ல. உன்னை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா?"

இரண்டு பேர் பாசத்துக்கும் நடுவில் மருமகள் புடவையை மாற்றிக்கொண்டாள். போன வருடம் விபத்தில் போன கணவனின் சாம்பலை அந்த ஆற்றில்தான் கரைத்திருந்தார்கள். பெண்பிள்ளைகள் வரக்கூடாதென்று அன்றும் வாசலோடு நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு ஒரே ஒரு தடவை அந்தத் தண்ணீரில் கால் நனைக்கலாம் என்று நினைத்திருந்தாள், அவ்வளவுதான்.

அந்த ஊருக்கு ஆறுதான் எல்லாம். பிறந்த குழந்தையை முதலில் அதில் நனைப்பார்கள், செத்தவரைக் கடைசியில் அதில் கரைப்பார்கள், இடைப்பட்ட காலத்துப் பாவத்தையெல்லாம் அதில் கழுவுவார்கள். 'தாய்' என்று மொட்டையாகச் சொன்னால் ஊரில் ஆற்றைத்தான் குறிக்கும். பெற்றவளைக் குறிக்க வேண்டுமானால் 'எங்கம்மா' என்று தனியாகச் சொல்ல வேண்டும். தாய் என்பதால் எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள் என்பது ஊர் நம்பிக்கை. அந்த நம்பிக்கை மற்ற எல்லோரையும்விட மாமனாருக்கு அதிகம். அவருடைய சாயப்பட்டறையின் கழிவுக் குழாய் இருட்டு விழுந்ததும் தாயின் மடியில்தான் திறக்கும்.

அப்படிப்பட்ட பக்தர் சும்மா இருப்பாரா? சொந்தச் செலவில் படித்துறை கட்டிக் கொடுத்தார். கல்வெட்டில் ஆற்றின் பெயரைவிட அவர் பெயர் கொஞ்சம் பெரியதாக இருந்தது. அது சிற்பியின் கைப்பிசகு என்று அவரே எல்லோரிடமும் சொல்லி வருத்தப்பட்டார். இன்று படித்துறைத் திறப்பு, முதல் முழுக்கு. அதற்காகக் குழாயைச் சில நாளாக மூடி வைத்திருந்தார். "தாய் பளிச்சுனு இருக்கணும்யா" என்று மேஸ்திரியிடம் சொல்லும்போது அவருக்குக் கண்கூடக் கலங்கியது. பட்டறையை மட்டும் நிறுத்தவில்லை. வெளிநாட்டுக்குச் சிவப்புப் படுக்கை விரிப்புகள் அனுப்ப வேண்டியிருந்தது. தாய்க்குக் கெடு கிடையாது, கப்பலுக்கு உண்டு.

மருமகள் பட்டறை ஆபீசுக்குள் நுழைந்து மின்விசிறியைக்கூடப் போடவில்லை, அதற்குள் மேஸ்திரி ஓடிவந்தார்.

"சின்னம்மா, குழாயை மூடினதுல தொட்டி வழியுது! சாயத் தண்ணி மொத்தமும் கீழ நம்ம ஆளுங்க குடியிருப்புக்குள்ள போகுது. பச்சப்புள்ளைங்க படுத்திருந்த பாயெல்லாம் நனைஞ்சுபோச்சு."

"சாயம் போடறதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. சுத்தம் பண்ற மெஷின் இருக்கே, அதை ஓட்டுங்க."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அதுல மோட்டார் இல்லம்மா. ஐயா வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி ஏறலைன்னு கழட்டிட்டுப் போனது, அப்படியே நின்னுபோச்சு. ஆபீசருங்க வந்தா மெஷினுக்கு மாலை போட்டுக் காட்டுவோம், அவங்களும் கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க."

சாயத்தை நிறுத்தினார்கள். அதுவரை போட்ட சாயமே வடிந்துகொண்டிருந்ததால் தொட்டி அடங்கவில்லை. அவள் வெளியே வந்து பார்த்தாள். சிவப்புத் தண்ணீர் படியிறங்குவதுபோல் நிதானமாகக் குடியிருப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தி அடுப்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு நின்றாள்.

மருமகள் மாமனாருக்குப் போன் போட்டாள். எடுத்தது மாமியார்.

"அத்தை, தொட்டி உடைஞ்சுடும்போல இருக்கு. குழாயைத் திறந்தாகணும். தண்ணியில யாரும் இறங்க வேண்டாம்னு மாமாகிட்ட..."

"நல்ல காரியம் நடக்கிற நேரத்துல உன்னை யாரு வாயைத் திறக்கச் சொன்னா?" என்று, மேளச் சத்தத்தில் பாதிகூடக் காதில் விழாத மாமியார் வைத்துவிட்டாள்.

வாயைத் திறக்கக்கூடாது என்றால் வால்வைத்தான் திறக்க வேண்டும்.

"நான் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க" என்று ஓர் ஆளைக் குழாயடியில் நிறுத்திவிட்டு, மேஸ்திரியின் வண்டியில் பின்னால் ஏறிப் படித்துறைக்குப் பறந்தாள். கூட்டத்தை எச்சரித்துவிட்டுச் சொல்லி அனுப்பலாம் என்பது அவள் கணக்கு. ஆனால் குடியிருப்பில் அந்த ஆளின் வீடும் இருந்தது, வீட்டில் பிள்ளையும் இருந்தது. வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அவன் வால்வைத் திறந்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆற்றின் வளைவிலிருந்து சிவப்பு வந்தது. முதலில் ஒரு நூல்போல, பிறகு ஒரு புடவைபோல. இடுப்பளவுத் தண்ணீரில் ஊர்ப் பெரியவர்கள் கைகூப்பி நின்றார்கள்.

மருமகள் படிக்கட்டின் உச்சியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாள். "ஏறி வாங்க! சாயம்! சாயம்!"

மேள ஒலியிலும் ஒலிபெருக்கியிலும் அது யார் காதில் எப்படி விழுந்ததோ! கரையில் நின்ற ஒரு பெரியம்மா இரண்டு கையையும் தூக்கி "தாயே! தாயே!" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் ஊரே "தாயே!" என்று அலறியது. நதிக்குழுத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "குங்குமம் பூசிக்கிட்டு வந்துட்டாய்யா நம்ம தாய்! கண்ணு படைச்ச பயனை அடைஞ்சுட்டோம்!"

இறங்காதவர்களும் இறங்கினார்கள். குடம், புட்டி, டிபன் பாக்ஸ் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் மொண்டார்கள். மருமகள் ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்குத்தான் கொடுத்து வைக்கலை, எனக்குமா?" என்று அவள் உதறிவிட்டு இறங்கினாள்.

தண்ணீருக்குள் நின்றவர்களில் விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மாமனாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. இரண்டு இரண்டு படியாகத் தாவிக் கரையேறினார்.

"பாருங்க, ஐயாவுக்கு அருள் வந்துடுச்சு!" என்றார் தலைவர்.

அந்த வாரம் ஊர் முழுக்கச் சொறிந்தது. தாயின் அருள் தோலுக்குள் இறங்குகிறது என்று விளக்கம் சொன்னார்கள். அருள் அதிகமாக இறங்கியவர்கள் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றார்கள். மாமியார் தன் கையைச் சொறிந்துகொண்டே மருமகளிடம் சொன்னாள்: "தப்பா நினைக்காத. நீ வராம இருந்ததாலதான் தாய் மனசு குளிர்ந்து அப்படிப் பூரிச்சு வந்தா."

அவள் வந்திருந்ததை மாமியார் பார்க்கவே இல்லை.

சில நாள் கழித்துத் தலைவர் இன்னும் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு செம்பு நிறையச் சிவப்புத் தண்ணீர். கொடை கொடுத்தவர் வீட்டுக்குத் தாயின் பிரசாதமாம்.

"வருஷா வருஷம் இதே நாள்ல விழா எடுக்கணும்ங்க" என்றார் தலைவர். "தாய் மறுபடியும் சிவந்து வருவாளா?"

மாமனார் தொண்டையைச் செருமினார். "அவ மனசு வெச்சா..."

"அது பட்டறைச் சாயம்" என்றாள் வாசற்படியில் நின்ற மருமகள். "நம்ம குழாயிலேருந்து வந்தது."

மாமனார் சிரிக்கப் பார்த்தார். "பாவம், அவன் போனதிலேருந்து இவளுக்கு மனசு சரியில்லை."

"தாயைப் பழிச்சா நாக்கு அழுகிடும்மா" என்றார் தலைவர், அக்கறையோடு.

மருமகள் உள்ளே போய் டம்ளர்களைக் கொண்டுவந்தாள். செம்பை எடுத்து ஒவ்வொன்றிலும் ஊற்றி ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள்.

"தாய் பிரசாதம்தானே? குடிங்க."

தலைவர் டம்ளரைப் பார்த்தார். வந்தவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். ஒருவர் விரலால் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டு, கடமை முடிந்ததுபோல் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த வீட்டில் கலப்படமில்லாத பக்தி ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது.

"நீங்க என்ன, தயங்கிக்கிட்டு!" என்று மாமியார் ஒரு டம்ளரை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயருகே கொண்டுபோனாள்.

"குடிக்காதடி!"

மாமனார் பாய்ந்து தட்டிவிட்டார். டம்ளர் உருண்டது. வெள்ளைத் தரையில் சிவப்பு ஓடித் தலைவரின் வேட்டி ஓரத்தைப் பிடித்தது.

"ஏன்?" என்றாள் மாமியார். "தாய்தானேங்க. ஏன் குடிக்கக்கூடாது?"

தலைவர்தான் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்தார். "சரி சரி, பெரிசு பண்ண வேண்டாம். அடுத்த வருஷம் முழுக்கு மட்டும் வெச்சுக்கலாம். குடிக்கிறதெல்லாம் வேண்டாம்."

அவர்கள் போனதும் மருமகள் துணி கொண்டுவந்து குனிந்தாள். மாமியார் சொறிவதை நிறுத்திவிட்டு, சிவந்து தடித்த தன் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மருமகளின் கையிலிருந்து துணியை வாங்கினாள்.

"நீ எந்திரிம்மா."

துணியைக் கணவரின் கையில் திணித்தாள்.

"கொட்டினவர் துடைக்கட்டும்."