இஃப்ஃபத் கொடுத்த கைக்கடிகாரம்

1

இந்தக் கதை ஷேர் ஆட்டோ மாதிரி ஆளேற்றும் டெம்போவில் கிடைத்தது. முத்தியால்பேட்டையில் ஏறிய பள்ளிச் சீருடைப் பெண் ஒருத்தி தன் தோழியிடம், "நீ குடுத்த வாட்ச்ச நீயே வச்சிக்க" என்று சீறினாள். அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைவேலை, நன்றாகவே செய்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'அன்று கடல்...' வேண்டாம். புதுச்சேரி என்றதும் கடலை இழுத்துவருவதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது: நோன்பு மாதம். காஜியார் வீதியில் பதினாறு வயது இஃப்ஃபத் தன் பொருள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவருகிறாள். கம்மலைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாள். பெருநாளுக்கு எடுத்த புதுத் துணியும் போயிற்று. அம்மா ஜீனத்துன்னிசாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"நோன்புல குடுக்கணும்னு அவளுக்கே தோணிருக்கு பாருங்க. என்னா மனசு!"

(அம்மாவைக் கெட்டவளாக்கினால் என் வேலை சுலபம். ஆக்கமாட்டேன். வேறு மாதமாக இருந்தால், "ஏன்டி குடுக்குற?" என்று முதல் நாளே கேட்டிருப்பாள்.)

3

இஃப்ஃபத் சாக நினைக்கிறாள். இதைச் சுற்றிவளைக்காமல் எழுதப் பல வரைவுகள் ஆயின.

ஒரே காரணம் சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், நான் நம்பமாட்டேன். மார்க் குறைந்ததிலிருந்து அத்தா, அதாவது அப்பா யாகூப், முகம்கொடுத்துப் பேசவில்லை. தோழிகள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். வீட்டில் சொல்ல முடியாததை வெளியில் சொல்லவும் ஆளில்லாமல் போனது.

4

கடிகாரம் செந்தமிழ்ச்செல்விக்கு வந்தது. குழுவிலிருந்து இஃப்ஃபத்தை நீக்கியபோது வாயைத் திறக்காமல் இருந்தவர்களில் அவளும் ஒருத்தி.

"வாட்ச் இல்லாம பரீட்ச எப்டிடி எழுதுவ?"

"தேவப்படாது."

இஃப்ஃபத்தின் முகத்தில் ஏதோ ஒரு... (இல்லை, முகத்தை விட்டுவிடுகிறேன்.) செல்வி நேராகவே கேட்டாள்:

"சாவப் போறியாடி?"

(அடிக்குறிப்பு: இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடும் என்றார் நண்பர். தூண்டாது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.)

இஃப்ஃபத் அழுது முடித்து, "ஆமா" என்றாள்.

"வா, உங்கம்மாகிட்ட சொல்லலாம்."

"அம்மா ஒடஞ்சிருவாங்கடி."

"ஒடையட்டும். நீ இருக்கணும்."

5

இஃப்ஃபத் இல்லாத முடிவு ஒன்றை எழுதிக் கிழித்துவிட்டேன். கேட்டாலும் தரமாட்டேன். ஒரே அணைப்பில் எல்லாம் சரியாகும் முடிவையும் கிழித்தேன். மருத்துவரிடம் போகவேண்டும், அத்தா பேசவேண்டும், நாளாகும்.

நோன்பு திறக்கும் நேரம். ஜீனத்துன்னிசா கஞ்சி ஊற்றிக்கொண்டே, "உனக்கும் குடுத்துட்டாளா செல்வி?" என்று சிரிக்கிறாள்.

செல்வி கடிகாரத்தைக் கிண்ணத்தருகே வைக்கிறாள். "ஏன் குடுக்கறான்னு கேளுங்க ஆன்ட்டி."

அம்மாவின் கரண்டி நிற்கிறது. அவள் இஃப்ஃபத்திடம் கேட்பதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டுப் பேச்சில் எப்படி வருமோ அப்படி நீங்களே கேளுங்கள். இஃப்ஃபத் வாசலில்தான் நிற்கிறாள்.