நல்ல ஊசி

இராக்கம்மாவைச் சோம்பேறி என்று முதலில் சொன்னது யார் என்பதில் எல்பெரி தேயிலைத் தோட்டத்தில் இன்றுவரை ஒரு முடிவு கிடையாது. கங்காணிதான் என்பார்கள் சிலர். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ரெங்கம்மா என்பார்கள் சிலர். அவளோ மாரியம்மன் மேல் சத்தியம் செய்து மறுப்பாள். புருஷன் தம்பையாவும் சொல்லியிருக்கிறார். அவர் அதை மறுப்பதில்லை.

சொன்னவர்களையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் காலையில் மலை ஏறினால், கொழுந்து பறிப்பதில் இராக்கம்மாவின் கைக்கு ஈடு கிடையாது. முதல் நிறுவையில் அவளுடைய கூடைதான் கனக்கும். மத்தியான நிறுவையில் அது பாதியாகும். அதற்குப் பிறகு கை தோளுக்கு மேல் போகாது, இடது கண் இமை தானாக இறங்கும், பேச்சு மூக்கால் வரும். படுத்து எழுந்தால் மறுநாள் காலையில் பழைய இராக்கம்மா. வேலை மும்முரமாகும் நேரம் பார்த்து வந்து, விடிந்ததும் போய்விடுகிற சீக்கை எந்த ஊர்தான் நம்பும்? 'மத்தியானச் சீக்கு' என்று அதற்குப் பேர் வைத்துச் சிரித்தார்கள்.

அந்தச் சீக்குக்கு வைத்தியப் புத்தகத்திலும் ஒரு பேர் உண்டு என்பது மகள் யசோதினிக்குத் தெரிய வந்தபோது, அம்மா செத்துப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

யசோதினி கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் தசை உயிரணுக்களின் ஏற்பிகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். நரம்பு 'தூக்கு' என்று சொன்னால், அந்தக் கட்டளை துளி இரசாயனமாகத் தசையின் மேல் விழும். அதை வாங்கிக்கொள்ளத்தான் ஏற்பிகள். வாங்கினால் கை உயரும். அந்த ஏற்பிகளைத் தேடிப் பிடித்து எண்ணுவதற்குக் கட்டுவிரியன் இனத்துப் பாம்பு ஒன்றின் நஞ்சு உதவும். அது ஏற்பியை விடாமல் பற்றிக்கொள்ளும். இதை ஒருமுறை அப்பாவிடம் சொல்லித் தொலைத்தாள். "எங்க புள்ள பாம்பு வெசத்துல மருந்து காய்ச்சுது" என்று அவர் தெமோதரை ஸ்டேஷன் வரைக்கும் சொல்லி வைத்துவிட்டார்.

சிலருடைய உடம்பு, என்ன கேடுகாலமோ, தன்னுடைய ஏற்பிகளையே பகையென்று எண்ணி அழித்துவிடுகிறது. மிஞ்சிய கொஞ்சத்தை வைத்துக் காலையில் சமாளிக்கலாம். நரம்பு சொல்லச் சொல்லத் துளியும் குறையும், வாங்கிக்கொள்ளவும் ஆள் போதாது. ஓய்வெடுத்தால் ஓரளவு திரும்பும். இதெல்லாம் யசோதினிக்குப் பாடமாகத் தெரிந்ததுதான். ஆனால் ஆய்வுக்கு இரத்தம் கொடுக்க வந்த கொத்துவேலை செய்கிற குருநாகல் மேசன் ஒருவர், காலையில் சிரித்துப் பேசியவர், மத்தியானம் பாண் ரொட்டியை மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்ததைக் கண்டபோதுதான் அவளுக்கு அம்மாவின் நினைவு வந்தது. அவருடைய இடது இமை இறங்கியிருந்தது.

அன்று அறைக்குப் போய் அம்மாவின் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தாள். படத்தில் இடது கண் பாதி மூடியிருந்தது. அப்பாவின் காம்பராவில் மாட்டியிருக்கிற பெரிய படத்தில் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருக்கும். பதுளை ஸ்டூடியோக்காரர் நல்ல மனதோடு திருத்திக் கொடுத்தது அது.

நல்ல மனதோடு கெடுத்தவர்களில் யசோதினியும் ஒருத்தி. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. மாலை நிறுவையில் குறைந்தால் அம்மாவுக்கு அரைப்பேர் விழும், பாதிச் சம்பளம்தான். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய், மலைக்குக் கீழே ஓடைப்பக்கம் யார் கண்ணிலும் படாமல் கொழுந்து பறித்து அம்மாவின் கூடையில் கொட்டுவாள். இராக்கம்மா ஒன்றும் பேசமாட்டாள், பேச்சும் வராது. கடைசி வருடத்தில் மாலைக் கூடைதான் மூன்றிலும் கனம். சளியும் காய்ச்சலுமாக மூச்சுத் திணறி அம்மா தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனபோது, மருந்துக்காரர் கொழுந்துக் கணக்கு எழுதுகிற கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு நிறுவையை விசாரித்தார். "பின்னேரம் இவ்வளவு பறிக்கிறவளுக்குக் கையில பலம் இல்லையா? நல்லா நடிக்கிறா" என்று யசோதினியின் முன்னாலேயே சொல்லி, விழுங்கக் காய்ச்சல் குளிசை கொடுத்து அனுப்பினார். அன்றே அவளைச் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு நாளில் அம்மா போய்விட்டாள்.

இதை அப்பாவிடம் சொல்லத்தான், ஐப்பசியில் திவசத்துக்கு யசோதினி ரயில் ஏறினாள். சொன்னால் அம்மாவின் பேர் சுத்தமாகும். தன்னுடைய பாவமும் வெளிவரும். வந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள்.

தெமோதரையில் மழை. இரண்டு மைல் நடந்து லயத்து வீட்டுக்கு வந்தபோது தம்பையா வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து படையலுக்கு வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை கூட அவளால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, அம்மா சோம்பேறி இல்லப்பா. அது ஒரு வருத்தம், நெசமான சீக்கு. நான் படிக்கிறதே அந்த வருத்தத்தைப் பத்தித்தான்."

தன்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொன்னாள். தம்பையா இலையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு வாய்விட்டு அழுதார்.

"நானும் சோம்பேறின்னு சொல்லியிருக்கேனே புள்ள. பொய்க்காரின்னு கூடச் சொல்லியிருக்கேன்."

"நான் செஞ்சது அதைவிட மோசம்பா." கொழுந்து கொட்டிய கதையைச் சொன்னாள். மருந்துக்காரரை நம்பவிடாமல் செய்தது தன்னுடைய கொழுந்துதான் என்றாள்.

தம்பையா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவளுடைய தலையில் கை வைத்தார். "போ, கிறுக்குப் புள்ள. பெத்தவ கஷ்டம் பொறுக்காம செஞ்ச. தெரிஞ்சா செஞ்ச? தெரியாம செஞ்சது பாவத்துல சேராது. உங்கம்மா ஒன்னைய வாழ்த்திக்கிட்டுத்தான் போயிருப்பா."

அவள் சுமந்துவந்ததை ஒரு மூச்சில் இறக்கி வைத்துவிட்டார் மனிதர். யசோதினிக்கு அழவேண்டும்போலவும் சிரிக்கவேண்டும்போலவும் இருந்தது.

அவர் எழுந்து உள்ளே போனார். தகரப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா தலையில் கட்டுகிற பழைய துணியில் சுற்றி எதையோ கொண்டுவந்தார்.

"ஒனக்குத் தெரியாது, நீ அப்ப சித்தி வூட்டுல இருந்த. குளிசையோட அனுப்பினதும் எனக்கு மனசு ஆறல. மறுநாள் அவளத் தூக்கிக்கிட்டு திரும்பப் போனேன். ஊசி போடாத வைத்தியம் ஒரு வைத்தியமா? மருந்துக்கார ஐயா கால்ல விழுந்தேன். சாமி, ஒரு ஊசி போடுங்க, போடாம எந்திரிக்க மாட்டேன்னு கெடந்தேன். கடைசியில போட்டாரு. அவளுக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான். வெளியில வாங்கணும்னா காட்டலாம்னு காலிக் குப்பிய கேட்டு வாங்கிக்கிட்டேன். அதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

துணியைப் பிரித்தார். கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி. லேபிளின் ஓரம் மஞ்சளாகியிருந்தாலும் எழுத்து அழியவில்லை. ஜென்டமைசின்.

கண்டியில் அவளுடைய மேசைக்கு மேலே சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. அந்த வருத்தக்காரருக்கு மறந்தும் கொடுக்கக்கூடாத மருந்துகள். அவளே கையால் எழுதி ஒட்டியது. முதல் வரியில் இந்தப் பேர்தான். நரம்பு முனையிலிருந்து வருகிற கொஞ்சநஞ்சத் துளியையும் அது அடைத்துவிடும். கை மட்டுமா நிற்கும்? மூச்சிழுக்கிற தசையும் நின்றுபோகும்.

"இது என்ன ஊசின்னு யாருகிட்டயும் கேக்கல புள்ள. தோட்டத்துல கேட்டா என்ன தெரியும்? நீ படிச்சு வரட்டும்னு இருந்தேன். பயமாவும் இருந்துச்சு." தம்பையாவின் கண் அவளுடைய முகத்தை விட்டு நகரவில்லை. "நல்ல ஊசிதானே?"

தெரியாமல் செய்தது பாவத்தில் சேராது என்று அவரே சொல்லி ஐந்து நிமிடம் ஆகவில்லை. அதையே அவருக்குத் திருப்பிச் சொல்லலாம். சொன்னால் தாங்குவாரா? மகளை மன்னிக்கிற மனசு தன்னை மன்னிக்குமா? காலில் விழுந்து கிடந்த நேரத்தை இனி ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்ப்பார். யசோதினி குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இன்னும் ஏதோ வாசிக்க இருப்பதுபோல.

"நல்ல ஊசிதான்பா" என்றாள். "அந்தக் காலத்துல இதுதான் நல்லது. நீங்க செய்ய வேண்டியதச் செஞ்சீங்க. அம்மாவுக்கு நேரம் வந்துருச்சு."

தம்பையாவின் தோள் இறங்கியது. பெரிய மூச்சு ஒன்று விட்டார். குப்பியை வாங்கி வேட்டி நுனியால் துடைத்தார். பெட்டிக்குள் திரும்ப வைப்பார் என்று அவள் நினைத்தாள். அவர் நேரே உள்ளே போய், கண் திருத்திய படத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார்.

"இத்தனை வருசம் வைக்க மனசு வரல. இனிமே இங்கதான் இருக்கும்." குங்குமச் சிமிழை அவளிடம் நீட்டினார். "படிச்ச கை. நீயே குப்பிக்குப் பொட்டு வை."

யசோதினி மண்டியிட்டாள். விரலில் குங்குமம் எடுத்தாள். கையைத் தூக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தூக்கி, லேபிளில் இருந்த அந்தப் பேரின் மேலேயே பொட்டு வைத்தாள்.