தள்ளச் சொன்னது யார்

பரீட்சை அறையில் டீச்சருக்குக் கழுகுக்கண் என்று பெயர். உள்ளங்கைக்குள் சுருட்டிய துண்டுத்தாளை மூன்று பெஞ்சு தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். நாற்பத்துமூன்று வயதில் அந்தக் கணக்கு டீச்சருக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. தனக்குப் பிடித்தது போதாதென்று நாத்தனாரையும் இழுத்துவிட்டார். நாத்தனாருக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய தோள் அவளுக்கு. கணவரின் ஒரே தங்கை என்பதால் முப்பத்தைந்து வயதிலும் வீட்டில் அவள் பாப்பாதான்.

போட்டி நூற்றுநாற்பது கிலோமீட்டர். முழுக்கச் சரளைக்கல் பாதை, வழியில் நான்கு மேடுகள். ஆறு மாதம் டீச்சர் அவளுக்குப் பாடம் எடுத்தார். "மேட்டுல அவசரப்படாத. முன்னாடியே சின்ன கியருக்குப் போயிடு. மூச்சு தப்பிச்சுனா எல்லாம் போச்சு." எதற்கும் பாப்பா "சரிங்க அண்ணி" என்பாள்.

கடைசியில் மூச்சு தப்பியது டீச்சருக்குத்தான். மூன்றாவது மேட்டின் பாதியில் பின்சக்கரம் கல்லில் பிடிகிடைக்காமல் வெறுமனே சுற்றியது. தொடை இரண்டும் கட்டையாக இறுகின. உச்சியிலிருந்த சோதனைச் சாவடியை மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குள் அங்கிருந்து கிளம்பாதவர்களை வேனில் ஏற்றிவிடுவார்கள். மணி இரண்டு இருபது.

"பாப்பா, கொஞ்சம் தள்ளிவிடேன்."

"தள்ளக் கூடாதுன்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க?"

"யாருமில்ல. அந்த வளைவு வரைக்கும்தான்."

பாப்பா ஒரு கையால் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறுகையை அண்ணியின் முதுகில் வைத்தாள். போர்வை மூட்டையைத் தள்ளுகிற கை அது. டீச்சரின் சைக்கிள் ஏதோ சமதரையில் போவதுபோல் ஏறியது. வளைவைத் தாண்டியும் கை முதுகிலேயே இருந்தது. அங்கே மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி போட்டி மேற்பார்வையாளர் ஒருவர் நின்றிருந்தார். இருவரின் போட்டி எண்ணையும் குறித்துக்கொண்டு உச்சிவரை பின்னாலேயே வந்தார்.

சாவடி மேசையருகே டீச்சரை நிறுத்தினார். "தள்ளச் சொல்லிக் கேட்டீங்களா மேடம்? கேட்டிருந்தா ரெண்டு பேரும் அரைமணி நேரம் இங்கேயே நிக்கணும். கேக்காம தள்ளியிருந்தா, தள்ளினவங்க மட்டும்."

மணி இரண்டு நாற்பது. அரைமணி கூட்டினால் மூன்று பத்து. கணக்கு டீச்சருக்கு அந்தக் கூட்டலைப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை.

"நான் கேக்கல சார். அவளாதான் தள்ளினா."

நாலடி தள்ளித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பாப்பாவின் பாட்டில் நிரம்பி வழிந்தது. திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குழாயை மூடினாள்.

நான்காவது மேட்டில் டீச்சரை யாரும் தள்ளவில்லை. ஆனாலும் முதுகில் அந்தக் கை இருந்த இடம் மட்டும் சுட்டது. பரீட்சை அறையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் இதுவரை சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. 'நான் கேக்கல டீச்சர், அவனாதான் காமிச்சான்.' அப்படிச் சொன்னவர்களை எத்தனை கேவலமாகப் பார்த்திருக்கிறோம் என்று நினைத்தபோது வியர்வையிலும் உடம்பு கூசியது.

முடிவுக்கோட்டில் கைதட்டினார்கள். யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். கணவர் துண்டோடு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் பாப்பா, வேனில் வந்து சேர்ந்து, செருப்பு மாற்றிக்கொண்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இவளுக்குக் கால் பிடிச்சுக்கிச்சாம்," என்றார் கணவர். "உன்னை மாதிரி ஒழுங்கா பழகியிருந்தா முடிச்சிருப்பா."

பாப்பா அதை மறுக்காமல் செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று தோன்றியது டீச்சருக்கு. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"கால் பிடிக்கல. நான்தான் தள்ளச் சொன்னேன். சாவடியில கேட்டப்ப பழியை அவ தலையில போட்டுட்டு வந்துட்டேன்."

கணவரின் கையில் துண்டு அப்படியே நின்றது. டீச்சர் பதக்கத்தைக் கழற்றிக்கொண்டு முடிவுக்கோட்டு மேசைக்குப் போனார். அந்த மேற்பார்வையாளரே இருந்தார். சொல்வதைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, டீச்சரின் பெயரைக் கோடு போட்டு அடித்தார். "சரி மேடம்" என்றதோடு சரி. ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம்.

திரும்பி வந்து சொன்னதும் பாப்பா செருப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "உங்க பேரை அடிச்சா எனக்கு அந்த நாலாவது மேடு கிடைச்சிடுமா அண்ணி? ஆறு மாசமா அதைத்தானே நினைச்சுட்டிருந்தேன்."



வீடு திரும்பும் காரில், பாதிவழியில் பாப்பாவே ஜன்னல் பக்கமிருந்து கேட்டாள். குரலில் கோபம் போகவில்லை.

"எப்படி இருந்துச்சு அந்த மேடு? சொல்லுங்க."

டீச்சர் சொல்லத் தொடங்கினார். கல் எங்கே பெரிதாகிறது, நிழல் எங்கே முடிகிறது, எந்தத் திருப்பத்தில் காற்று எதிரே வந்து அறைகிறது. சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடந்த இடம் வந்தது. நாக்கு கொஞ்சம் தயங்கியது. அதையும் சொன்னார்.